பட்டியலில் இல்லாத சிகிச்சை: ‘முடியாது’ என்று யார், எப்படிச் சொல்லலாம்?

3 பிப்ரவரி 2025, காலை (வாசகர் கேள்வி)

அரசு மருத்துவக் காப்பீடு நம் வரிப்பணத்தில் நடக்கிறது. ஒரு மருத்துவர் இன்ன சிகிச்சை தேவை என்று எழுதிக் கொடுத்த பிறகு, காப்பீடு ஏற்கும் சிகிச்சைகளின் பட்டியலில் அது இல்லை என்று மறுக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது என்பது என் வாதம். அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு உயிர்வாழும் உரிமையைத் தருகிறது. மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் நீதிமன்றம் போனால் பட்டியல் என்ற ஒன்றே தேவைப்படாது. இதற்கு மாற்றுக் கருத்து உண்டா?

3 பிப்ரவரி 2025, இரவு

உண்டு. உங்கள் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வழி ஏழை நோயாளியைக் காப்பாற்றாது என்று நினைக்கிறேன். டயாலிசிஸை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் அதில் பாதி நன்மை என்று எதுவும் கிடையாது. கிடைத்தால் உயிர் இருக்கும், நின்றால் சில வாரங்களில் போய்விடும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தியாகராஜ் சுப்ரமணி என்பவர் வாழ்ந்தார். வயது 41, வேலை இல்லை, நீரிழிவும் இதய நோயும் இருந்தன. 1996இல் பக்கவாதம் தாக்கியது. அதே ஆண்டில் சிறுநீரகங்களும் செயலிழந்தன. கையில் பணம் இருந்தவரை தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டார். பணம் தீர்ந்ததும் அடிங்டன் அரசு மருத்துவமனையை நாடினார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், அவற்றிலும் சில பழுதடைந்த நிலையில் இருந்தன. ஒருவருக்கு நான்கு மணி நேரம் இயந்திரம் ஓட வேண்டும், அடுத்தவரைப் படுக்க வைப்பதற்கு முன் சுத்தம் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். ஆகவே சிறுநீரக மாற்று அறுவைக்குத் தகுதி உள்ளவர்களுக்கே நீண்டகால டயாலிசிஸ் என்று மருத்துவமனை எழுத்தில் விதி வைத்திருந்தது. இதய நோயின் காரணமாக அவருக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

அவர் நீதிமன்றம் போனார். 1997 நவம்பர் 27 அன்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற விதி திடீர் ஆபத்துகளுக்கானது, நாள்பட்ட நோயின் தொடர் சிகிச்சைக்கானது அன்று என்றது. கிடைக்கும் வளத்துக்குள் நல்லெண்ணத்தோடும் அறிவுக்கு ஒத்த முறையிலும் எடுக்கப்பட்ட முடிவில் தலையிட நீதிமன்றம் தயங்க வேண்டும் என்றும் கூறியது. தீர்ப்பு வந்து விரைவிலேயே அவர் இறந்துபோனார்.

இதை நான் மனம் ஒப்பி எழுதவில்லை. ஆனால் அன்று நீதிமன்றம் அவருக்கு இயந்திரத்தை வழங்கு என்று உத்தரவிட்டிருந்தால், அந்த இயந்திரத்தில் ஏற்கெனவே படுத்திருந்த ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அவர் வழக்கில் ஒரு தரப்பாகக் கூட இல்லை, அவருக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரியும் நோயாளி மட்டுமே நோயாளி அல்லர் என்பதைப் பட்டியலே வேண்டாம் என்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4 பிப்ரவரி 2025, காலை

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், நம் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லாது என்கிறார். இரண்டும் சொல்லியிருக்கிறது.

1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் கல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். 1996 மே 6 அன்று வந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இது 21ஆவது பிரிவை மீறிய செயல் என்று கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. பணம் இல்லை என்று சொல்லி அரசு இந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்றது.

இரண்டே ஆண்டுகளில், 1998இல், பஞ்சாப் அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவு பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் வேறொன்றைச் சொன்னது. தனியார் மருத்துவமனைச் செலவை ஒரு கட்டண வரம்புக்குள்தான் திருப்பித் தருவோம் என்ற மாநிலத்தின் கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. எந்த அரசுக்கும் அளவற்ற வளம் கிடையாது, ஆகவே வரம்பு வைப்பது உரிமையை மீறுவதாகாது என்பது அதன் சாரம். முதல் தீர்ப்பு சாலையில் கிடப்பவருக்கானது, இரண்டாவது திட்டத்துக்கானது. டர்பன் வழக்கின் நீதிபதிகள் கல்கத்தா தீர்ப்பைப் படித்து மேற்கோள் காட்டியே, எங்கள் வழக்கு அப்படிப்பட்டது அன்று என்று பிரித்துக் காட்டினார்கள் என்பது இங்கே பொருத்தமானது.

4 பிப்ரவரி 2025, மாலை

‘அப்படியானால் நீதிமன்றத்தால் பயனே இல்லையா?’ என்ற கேள்விக்கு.

பயன் பெரிது. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் ஆன் மேரி ராஜர்ஸ் என்ற மார்பகப் புற்றுநோயாளி ஹெர்செப்டின் மருந்தைக் கேட்டார். அவருடைய தொடக்க நிலை நோய்க்கு அந்த மருந்து அப்போது உரிமம் பெற்றிருக்கவில்லை. உள்ளூர் சுகாதார அறக்கட்டளை, பணம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் விதிவிலக்கான சூழ்நிலை உள்ளவர்களுக்கு மட்டும் தருவோம் என்றது. 2006 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கொள்கையைச் செல்லாது என்றது. பணம் காரணம் இல்லையென்றால், மருத்துவ ரீதியாக ஒரே நிலையில் உள்ள நோயாளிகளுள் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க அறிவுக்கு ஒத்த காரணம் வேறு எதுவும் இல்லை என்பதே அதன் வாதம். பணப் பற்றாக்குறையை வெளிப்படையாகச் சொல்லி முன்னுரிமை வகுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதையும் அந்தத் தீர்ப்பிலேயே காணலாம்.

டர்பனில் மறுப்பு நின்றது, ஸ்விண்டனில் விழுந்தது. முன்னதில் காரணமும் விதியும் எழுத்தில் இருந்தன. பின்னதில் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்க ஏற்கத்தக்க காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான்: எந்தச் சிகிச்சையைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியதில்லை, மறுத்தவர் உண்மையான காரணத்தைச் சொன்னாரா, அதை எதிர்த்துக் கேட்க வழி வைத்தாரா என்று நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

6 பிப்ரவரி 2025

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டில் நடந்தது ஒன்று இருக்கிறது.

என் சித்திக்கு டயாலிசிஸ் தொடங்கியபோது, அதற்கென்று கையில் இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைக்கும் சிறிய அறுவைக்காகக் காப்பீட்டு அட்டையோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். முன் அனுமதிக்கு அனுப்பினார்கள். ‘இதற்குக் காப்பீடு இல்லை’ என்ற ஒரு வரி வந்தது. சிகிச்சையே பட்டியலில் இல்லையா, பட்டியலில் இருந்தும் அந்த மருத்துவமனைக்கு அந்தப் பிரிவில் அனுமதி இல்லையா, அல்லது அனுப்பிய தாள்களில் குறையா என்று கவுன்ட்டரில் இருந்தவருக்கும் தெரியவில்லை. பணம் கட்டிச் செய்துவிடலாம் என்று சித்தப்பா நகையை எடுத்துவிட்டார். பிறகு அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு, சிகிச்சை பட்டியலில் இருக்கிறது, நீங்கள் போன இடத்துக்குத்தான் அந்தப் பிரிவில் அனுமதி இல்லை என்று விளக்கினார். அந்த அறுவை அரசு மருத்துவமனையிலேயே நடந்தது.

மூன்று வெவ்வேறு மறுப்புகளுக்கு ஒரே சொல் பயன்படுகிறது. முதலாவதை மாற்றக் கொள்கை மாற வேண்டும். இரண்டாவதற்கு வேறு மருத்துவமனை போதும். மூன்றாவதற்கு ஒரு தாள் போதும். எது என்று சொல்லாததால் குடும்பங்கள் கடனில் விழுகின்றன. காரணம் சொல்வது நாகரிகம் சார்ந்த விஷயம் என்று எண்ணுபவர்கள் ஒரு முறை அந்தக் கவுன்ட்டருக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

9 பிப்ரவரி 2025

தாய்லாந்தைப் பற்றி எழுதும்படி கேட்டிருந்தீர்கள். பட்டியலை நேர்மையாக வகுக்க முடியும் என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று அது, குறைகளோடு சேர்த்தே.

2002இல் அந்நாடு எல்லாருக்குமான சுகாதாரக் காப்பீட்டைத் தொடங்கியபோது டயாலிசிஸையும் சிறுநீரக மாற்று அறுவையையும் வெளியே வைத்தது. செலவு திட்டத்தையே விழுங்கிவிடும் என்று அஞ்சினார்கள். ஆனால் அரசு ஊழியர்களுக்கான திட்டத்திலும், நிறுவனத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலும் அது இருந்தது. ஆகவே ஒரே ஊரில், ஒரே நோயுள்ள இருவரில், சம்பளம் அரசிடம் வாங்கியவர் வாழ்ந்தார், விவசாயி வீட்டை விற்றார். நோயாளிகளும் மருத்துவர்களும் இதை எதிர்த்து விடாமல் குரல் கொடுத்தார்கள். 2007 அக்டோபரில் அமைச்சரவை இசைந்தது, 2008இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

பொருளாதாரக் கணக்கு அதற்குச் சாதகமாக இருக்கவில்லை என்பது கவனிக்கத் தக்கது. நலமாக வாழும் ஓர் ஆண்டைக் கூடுதலாகப் பெற்றுத் தர ஒரு சிகிச்சைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அங்கே கணக்கிடுகிறார்கள். பின்னாளில் அதற்கு 1,60,000 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று ஓர் எல்லை வைத்தார்கள். டயாலிசிஸ் அந்த எல்லையைப் பல மடங்கு தாண்டும். ஆனாலும் அதைச் சேர்த்தார்கள், ஏனென்றால் அந்த நோய் குடும்பங்களைத் திவாலாக்கியது, திட்டங்களுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வுக்கும் நியாயம் கிடையாது. கணக்கு ஒரு சாட்சியாக இருந்தது, அதுவே நீதிபதியாகிவிடவில்லை.

எந்தச் சிகிச்சையை ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்று அங்கே அதிகாரிகள் மட்டும் முன்மொழிவதில்லை. மருத்துவர்கள், கல்வியாளர்கள், நோயாளர் அமைப்புகள், குடிமைச் சமூகம், பொதுமக்கள், மருந்துத் தொழில்துறை என்று பல தரப்பினருக்கும் அந்த உரிமை உண்டு. எத்தனை பேருக்கு நோய், எவ்வளவு கொடியது, சிகிச்சை எவ்வளவு பலன் தரும், நாட்டில் நடைமுறை எவ்வளவு வேறுபடுகிறது, குடும்பத்தின் பொருளாதாரத்தை எவ்வளவு பாதிக்கிறது, நியாயமும் சமூக நோக்கும் என்ன சொல்கின்றன என்ற ஆறு அளவுகோல்களால் வரிசைப்படுத்துகிறார்கள். 2007இல் தொடங்கப்பட்ட ஹைடாப் என்ற ஆய்வு அமைப்பு மதிப்பீடுகளில் பெரும் பங்கு வகிக்கிறது. தோற்றாலும் எதனால் தோற்றோம் என்பதை அறிந்து மீண்டும் முன்மொழியலாம்.

10 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. தாய்லாந்து டயாலிசிஸைச் சேர்த்தபோது நிபந்தனை ஒன்றையும் வைத்தது. மருத்துவக் காரணம் தடுத்தால் ஒழிய முதலில் வயிற்றுவழி டயாலிசிஸைத்தான் செய்துகொள்ள வேண்டும், நம் மருத்துவமனைகளில் சிஏபிடி என்கிறார்களே, அதை. இயந்திரங்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் நகரங்களில் குவிந்திருந்தார்கள்; வீட்டிலேயே செய்யும் முறையென்றால் வயல்வெளி நடுவே வாழ்பவருக்கும் எட்டும். திரவப் பைகளை அஞ்சல் துறை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தது. 2022 பிப்ரவரியில் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, எந்த முறை என்பதை நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்றார்கள்.

சித்தியோடு இருந்து பார்த்த பிறகு இதில் என் மனம் இரண்டாகப் பிரிகிறது. வாரத்தில் மூன்று நாள் பேருந்து ஏறிப் போய்த் திரும்புவது அவருடைய உடம்பை எப்படி உலுக்கியது என்பதை அறிவேன், ஆகவே வீட்டு முறைக்கு ஆதரவாகப் பேசத் தோன்றுகிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், சுத்தமான மூலை ஒன்று கூட இல்லாதபோது, தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் அதை மறுத்ததும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாருக்கும் ஒரே விதி என்பது பார்வைக்குச் சமமாக இருந்தாலும், வீட்டின் சுவரைப் பொறுத்து அதன் பாரம் மாறுகிறது. அதனால்தான் விதியோடு விதிவிலக்கும், அதைக் கேட்பதற்கான இடமும் சேர்ந்தே வர வேண்டும். தமிழகத்தில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது நல்ல தொடக்கம்.

13 பிப்ரவரி 2025

முதல் கேள்வியைக் கேட்டவர், ஒவ்வொருவரும் வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது வெறும் ஊகம் என்கிறார். ஊகம் இல்லை, கொலம்பியாவில் நடந்திருக்கிறது. அங்கே ‘துத்தேலா’ என்ற எளிய மனுவை வழக்கறிஞர் இல்லாமலே எந்தக் குடிமகனும் போடலாம். 2008இல் மட்டும் சுகாதாரம் தொடர்பாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. அவற்றைப் பரிசீலித்தபோது, ஏறத்தாழ பாதிக் கோரிக்கைகள் ஏற்கெனவே திட்டத்தில் இருந்த சிகிச்சைகளுக்கானவை என்பது தெரிந்தது! சித்திக்கு நேர்ந்ததை நான் நாடளவில் பெருக்கிப் பார்த்தது போல இருந்தது.

2008 ஜூலை 31 அன்று அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் தனித்தனி உத்தரவுகளோடு நிற்காமல், பட்டியலைக் காலந்தோறும் புதுப்பிக்கவும், ஏழைகளுக்கான திட்டத்தையும் சந்தா கட்டுவோருக்கான திட்டத்தையும் ஒன்றாக்கவும் ஆணையிட்டது. 2015இல் வந்த சட்டம் பட்டியலையே தலைகீழாக்கியது: விலக்கியவற்றைத் தவிர மற்றவை எல்லாம் உண்டு. அழகுக்காகச் செய்பவை, பலனோ பாதுகாப்போ நிரூபிக்கப்படாதவை, சோதனை நிலையில் இருப்பவை போன்றவற்றை விலக்கலாம். உங்கள் விருப்பத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். அங்கேயும் பட்டியல் ஒழிந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுப்பவர் தரப்பில் நிரூபிக்கும் பொறுப்பு விழுந்தது. அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

16 பிப்ரவரி 2025

அரிய நோய் உள்ள குழந்தையின் தாய் ஒருவர் எழுதியதைப் பல முறை படித்தேன். ‘எத்தனை பேருக்கு நோய் என்று கேட்கும் எந்த அளவுகோலிலும் என் மகன் தோற்றுப்போவான்’ என்கிறார். அவருடைய வாதம் சரி. அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை.

காஷே என்ற அரிய பரம்பரை நோயுள்ள ஒரு சிறுவனுக்கு இலவசமாக நொதி மருந்து தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன் பிறகு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2017இல் வந்து, இடையில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2021 மார்ச்சில் புதிதாக வந்தது. 2022இல் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று வரம்பை உயர்த்தினார்கள். ஆனால் நொதி மருந்து வாழ்நாள் முழுதும் தேவைப்படுவது. உடல் எடைக்கு ஏற்பத்தான் அளவு. குழந்தை நன்றாகத் தேறி வளர வளர வரம்பு விரைவில் தீர்கிறது. சிகிச்சை பலித்ததே அதை நிறுத்துவதற்குக் காரணமாகிவிடும் விதியை நியாயமானது என்று என்னால் ஏற்க முடியவில்லை. வரம்பு வேண்டும் என்றால், அது தீரும் நாளில் அந்தக் குழந்தைக்கு என்ன செய்வோம் என்ற பதிலும் அதே ஆணையில் இருக்க வேண்டும்.

ஆகவே 4ஆம் தேதி நான் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காரணத்தை எழுத்தில் சொல்வது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. பாதிக்கப்படுபவர் ஏற்கவில்லை என்றாலும் பொருத்தமானது என்று ஒப்புக்கொள்ளக் கூடிய காரணமாக அது இருக்க வேண்டும். அமெரிக்கத் தத்துவ அறிஞர் நார்மன் டேனியல்ஸும் மருத்துவர் ஜேம்ஸ் சேபினும் 1990களில் வகுத்த நான்கு நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. காரணம் வெளிப்படையாக இருக்க வேண்டும், பொருத்தமாக இருக்க வேண்டும், மேல்முறையீடும் திருத்தமும் இயல வேண்டும், இம்மூன்றும் நடப்பதை யாராவது உறுதி செய்ய வேண்டும். நான்காவதுதான் நம்மிடம் மிகவும் மெலிந்து கிடக்கிறது.

17 பிப்ரவரி 2025

‘நம் நாட்டில் காரணம் சொல்லச் சட்டம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டவருக்கு: 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4(1)(ஈ) உட்பிரிவு. நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டியது அரசு அமைப்பின் கடமை. அதற்கு முந்தைய உட்பிரிவு, முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவற்றுக்கு அடிப்படையான உண்மைகளை வெளியிடச் சொல்கிறது. இரண்டையும் மக்கள் விண்ணப்பிக்கும் முன்பே அரசு தானாகச் செய்ய வேண்டும்.

2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு தருகிறது. கல்லீரல் மாற்று, காது கேளாதோருக்கான காக்ளியர் உள்வைப்பு போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளையும் அது ஏற்கிறது. இந்த அளவுக்கு வந்ததில் தமிழகம் பெருமைப்படலாம். நான் கேட்பது அதற்கு அடுத்த படி. ஒவ்வொரு மறுப்பும் எந்த வகை என்பதைத் தமிழில், நோயாளியின் கைபேசிக்கே அனுப்புங்கள். ஒரு சிகிச்சையைப் பட்டியலில் சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் நிபுணர்கள் சொன்ன காரணங்களை இணையத்தில் போடுங்கள். ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம் என்ற வரியை மறுப்புச் செய்தியிலேயே அச்சிடுங்கள்.

18 பிப்ரவரி 2025

கடைசியாக, தந்தையின் அறுவைக்குக் காப்பீடு மறுக்கப்பட்டதைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்ட ஒருவருக்கு, மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கேயே. உங்கள் தந்தைக்கு வந்த மறுப்பு வாய்மொழியாக வந்ததென்றால் முதலில் அதை எழுத்தில் கேளுங்கள். அவருடைய அறுவை பட்டியலில் எந்தப் பெயரிலும் இல்லை என்று உறுதியானால், மத்தியத் திட்டத்தில் பெயர் குறிப்பிடப்படாத அறுவைக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை, முன் அனுமதியோடு. சிகிச்சை தரும் மருத்துவமனையே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே காப்பீட்டு அட்டையோடு நேராக அங்கே போங்கள். அதற்குள் உங்கள் தந்தைக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் பட்டியலுக்கும் தாளுக்கும் காத்திருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் எழுதப்பட்டது.